சோறு போய்ச் சம்பல் மிஞ்சின கதை

பிலோசோபியாம் தங்கச்சி, பிலோசோபி! நீங்களே ஒருக்காச் சொல்லுங்கோ... இல்லையில்லை, சொல்லாதேங்கோ, வாயை அசைச்சால் புருவம் கோணிப்போம். கண்ணை மூடுங்கோ. ஒரு கையாலை நெத்தித் தோலை மேலை இழுங்கோ, மற்றக் கையாலை இமையைக் கீழை இழுங்கோ. ஆ... அப்பிடியே பிடிச்சுக்கொண்டிருங்கோ. விட்டியளெண்டால் நூல் தோலைக் கடிச்சுப்போடும். பேந்து கலாவதியின்ரை கடையிலை கண்ணைப் புடுங்கிப்போட்டினம் எண்டு பாரிஸ் லாச்சப்பல் முழுக்கக் கதை போம்.

என்ன சொல்லிக்கொண்டு நிண்டனான்? ஓம், என்ரை மகள். சாம்பவி. பதினெட்டு வயசு, ஒரே ஒரு பிள்ளை. பதினாறு வருசமா இந்தக் கடையிலை நிண்டு ஊராக்களின்ரை மயிரைப் புடுங்கிப் புடுங்கி வளத்த பிள்ளை... ஏன் சிரிக்கிறியள்? ஓமோம், இந்தியாப் பிள்ளையள் இந்தச் சொல்லுக்குச் சிரிப்பினம். உங்களுக்கு அது பேச்சு, எங்களுக்கு அது தலையிலை இருக்கிறது. ஆறுதலாப் பேந்து சிரியுங்கோ, இப்ப ஆடாதேங்கோ. அந்தப் பிள்ளை டொக்டருக்குப் படிக்க வேண்டிய பிள்ளை. கணக்கிலை பதினாறு, உயிரியலிலை பதினெட்டு. இஞ்சை எல்லாம் இருவதுக்குத்தான் போடுவாங்கள். அந்தப் பிள்ளை இப்ப பிலோசோபி படிக்கப் போகுதாம்! உங்கடை பக்கம் தத்துவம் எண்டுவியள் என்ன? அதேதான். யோசிக்கிறதுக்குப் படிக்கிறது. யோசிக்கிறதுக்கு ஏன் தங்கச்சி படிக்கவேணும்? நான் எத்தினை வருசமா யோசிக்கிறன், எனக்கு ஆர் சேட்டிபிக்கற் தந்தது?

நீங்கள் கொம்பியூட்டரோ? பாத்தியளே, சொல்லாமலே கண்டுபிடிச்சன்! வந்து எத்தினை மாசம்? நாலோ? அப்ப உங்கடை அம்மா நிம்மதியா நித்திரை கொள்ளுவா. என்ன, பதினொண்டரைக்கு ரொந்தெவூவோ? விசாக் காட்டுக்குப் படம் எடுக்க நேரம் குறிச்சிருக்கோ? ஓ, அப்ப புருவம் முக்கியம், அந்தக் காட் முடியுமட்டும் அந்த முகத்தோடைதான் திரியவேணும். யோசியாதேங்கோ, அஞ்சு நிமிசத்திலை முடிச்சு விடுறன். எனக்குக் கைராசி எண்டு எல்லாரும் சொல்லுவினம்.

இந்த நூலைப் பாத்தனீங்களோ? மற்றக் கடையளிலை ஒரு நுனியைப் பல்லிலை கடிச்சுக்கொண்டுதான் செய்வினம். நான் பாருங்கோ, கழுத்திலை கொழுவியிருக்கிறன். ஏனெண்டால் பல்லிலை கடிச்சால் கதைக்கேலாது. பழகின காலத்திலை நானும் கடிச்சனான்தான். ஒரு கிழமையிலை எனக்கு விசர் வந்திட்டுது! ஒரு ஆளின்ரை முகத்துக்கு முன்னாலை பத்து நிமிசம் ஒண்டும் பறையாமல் நிக்கிறதோ? அது மரியாதையோ? அதோடை கழுத்துக்கு மாத்தினன்.

மணி என்ன? பத்து பத்து. சரி. நேரம் கிடக்கு.

மூண்டு மாசமா எங்கடை வீட்டிலை ஒரு சொல்லுச் சொல்லேலாது தங்கச்சி. 'சாப்பிட்டியோ' எண்டு கேட்டால், 'சாப்பிட்டன், பசி போச்சுதோ எண்டது வேறை கேள்வி' எண்டுவாள். 'அடி விழும்' எண்டால், 'அடிச்சால் நீங்கள் சொல்லுறது சரியாகிடுமோ அம்மா' எண்டுவாள். அதுவும் பிரெஞ்சிலை! நான் தமிழிலை பேசுவன், அவள் பிரெஞ்சிலை மறுமொழி சொல்லுவாள், இவர் நடுவிலை இருந்து ரீவியின்ரை சத்தத்தைக் கூட்டுவார். இவர் எண்டது என்ரை மனுசன், குகதாசன். எயாப்போட்டிலை பெட்டி ஏத்துறார். நாங்கள் கூசேன்வில்லிலை இருக்கிறம், அவருக்கு வேலை கிட்ட, எனக்குத்தான் தினமும் ரெயினிலை இழுபடுற வேலை. இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்கோ. வடிவான புருவம் உங்களுக்கு. ஆர் முந்தி எடுத்தது? இப்பிடிச் சிரைச்சு வைச்சிருக்கினம், பாவியள்.

இஞ்சை கடைசி வகுப்பிலை எல்லாப் பிள்ளையளும் பிலோசோபி படிக்கத்தான் வேணும். பாக் சோதினைக்கு நாலு மணித்தியாலம், ஒரேயொரு கேள்விக்கு! நானும் அதை அப்பிடித்தான் நினைச்சன், சின்னம்மை மாதிரி வரும், போம் எண்டு. எங்கடை வீட்டிலை அது போகேல்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை. அந்தா அந்த ஸ்ரூலிலைதான் இருந்தவள். கடை நிறைய ஆக்கள். கொப்பியைத் திறந்து வைச்சுக்கொண்டு கேக்கிறாள், 'அம்மா, தெரியாமல் செய்த பிழைக்கு ஆள் பொறுப்போ?' எண்டு. நான் ஆருக்கோ நூல் போட்டுக்கொண்டு நிக்கிறன். 'ஓம், பொறுப்புத்தான்' எண்டன். 'ஏன்?' எண்டாள். 'தெரியாது எண்டது ஒரு சாட்டோ? கேட்டுத் தெரிஞ்சிருக்கலாம்தானே. கேக்காதது ஆற்றை பிழை?' எண்டன். உடனை மீசைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்த ஒரு அக்கா, வாய் திறக்கேலாமல் கையைக் கையை ஆட்டுறா, இல்லை இல்லை எண்டு! மெழுகை இழுத்த உடனை கத்தினா பாருங்கோ, நோவிலையோ கோவத்திலையோ தெரியாது, 'தெரியாமல் செய்தவளை மன்னிக்கத்தான் வேணும்' எண்டு. நான் விடுவனோ? 'மன்னிக்கலாம் அக்கா, ஆனா பிழை பிழைதானே, அதைச் செய்தவள்தானே சுமக்கவேணும்' எண்டன். பின்னேரம் மட்டும் சண்டை! சாம்பவி எல்லாத்தையும் எழுதினாள். பதினேழு! இருவதுக்குப் பதினேழு! பிலோசோபியிலை ஒருத்தருக்கும் போடாத மாக்ஸாம். அவையின்ரை ரீச்சர் மதாம் ஆலீஸ் கேட்டாவாம், இந்த யோசினை உம்முடையதோ எண்டு. 'இல்லை, என்ரை அம்மாவின்ரை' எண்டு சொன்னவளாம். எனக்கு அண்டைக்கு முழுக்க நிலத்திலை கால் படேல்லை. அங்கைதான் பிழைச்சது தங்கச்சி! பிள்ளையைப் புகழுறன் எண்டு நான் எனக்கே குழி வெட்டினன்.

வலிக்குதோ? கண்ணாலை தண்ணி வருது. அது அப்பிடித்தான், கவலையில்லாத தண்ணி.

பேந்து விண்ணப்பம் போடுற நேரம் வந்திது. இஞ்சை எல்லாம் அரசாங்கத்தின்ரை ஒரு தளத்திலைதான், இன்ரர்நெற்றிலை. பத்து இடம் கேக்கலாம். நான் பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தன். ஒன்பது இடம், ஒன்பதும் டொக்டர்ப் படிப்பு! பத்தாவது வெறுமையாக் கிடக்கு. அவள் ஒண்டும் கேக்கேல்லை தங்கச்சி, சும்மா என்னைப் பாத்தாள். நான்தான் சொன்னன், 'வெறுமையா விடாதை, பாக்க வடிவில்லை, எதையாவது போடு' எண்டு. எதையாவது! போட்டாள் பிலோசோபி. எங்கை போடப் போகினம், நூறு பேர் வரிசையிலை நிப்பினம் எண்டு நானும் விட்டிட்டன்.

அதோடை முடியேல்லை. டொக்டருக்குப் போறதெண்டால் முதல் வருசம் மருத்துவம் பெரிய பாடம், கூட ஒரு சின்னப் பாடமும் எடுக்கவேணும். மினோர் எண்டுவினம். சட்டமோ கணக்கோ ஏதோ ஒண்டு. அதுக்கும் பிலோசோபியையே போட்டாள். 'அம்மா, பிலோசோபி மினோர்தானே' எண்டு செல்லங் கொஞ்சினாள். நானும் நினைச்சன், சரி, மருத்துவம் சோறு, பிலோசோபி சம்பல். கரையிலை ஒரு துளி கிடந்தால் என்ன, சோறு கெதியா இறங்கும்தானே. இப்ப பாருங்கோ, சோறு போச்சு! சம்பல் மட்டும் கோப்பை நிறையக் கிடக்கு!

சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கும் சிரிப்பு வருது. ரெண்டு நாளாச் சிரிக்கிறன், மனுசன் பயந்து போய் இருக்கிறார். காலமை ரெயினிலையும் சிரிச்சனான், முன்னாலை இருந்த வெள்ளைக்காரி எழும்பி வேறை இடத்திலை போய் இருந்தவள். நான் இண்டைக்கு நாலு தேத்தண்ணி குடிச்சிட்டன். கை நடுங்காது, பயப்படாதேங்கோ.

எங்கடை மச்சாளைச் சொல்லவேணும். என்ரை மனுசன்ரை அக்கா, புஸ்பராணி. ஒபர்வில்லியேயிலை இருக்கிறா. அவவின்ரை மகன் யூலியன் டொக்டருக்கு மூண்டாம் வருசம். பிறந்த அண்டைக்கே பிரெஞ்சுப் பேர் வைச்சவ. இப்ப 'டொக்டர் யூலியன்' எண்டு சொல்லச் சொல்ல வாய் நிறையுதாம் அவவுக்கு. எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக்கு வெட்டமுன்னம் அதைத்தான் சொல்லுவா. நாலு வருசத்துக்கு முன்னம் ஒரு பிறந்தநாளிலை எல்லாருக்கும் முன்னாலை கேட்டா, 'சாம்பவி என்னவாக வரப் போறா?' எண்டு. பிள்ளை வாய் திறக்கமுன்னம் நான் சொல்லிப்போட்டன், 'டொக்டர்' எண்டு. பதினாலு வயசு அப்ப. பிள்ளை என்ன சொல்ல இருந்தவளோ, இண்டை வரைக்கும் நான் கேக்கேல்லை.

...ம்ம். கேக்கேல்லைத்தான்.

விடுங்கோ. ஒன்பது இடத்திலை எட்டு இடம் இல்லை எண்டாச்சு. ஒண்டு கிடைச்சிது! டொக்டர்ப் படிப்பு, பாரிசிலையே! நான் இந்தக் கடைக்குள்ளை கத்தின கத்திலை பக்கத்து மரக்கறிக் கடைக்காரர் ஓடி வந்தவர், கள்ளன் வந்திட்டான் எண்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் தவணை. அதுக்கிடையிலை 'ஏற்றுக்கொள்ளுறன்' எண்ட பட்டனை அமத்தவேணும், அவ்வளவுதான். ஒரே ஒரு அமத்து! திங்கக்கிழமை விடியப் பாத்தால், இடம் இல்லை! போச்சு! கொம்பியூட்டரிலை ஏதோ பிழை...

என்ன? என்ன பிழையெண்டோ? எனக்கென்ன தெரியும், கொம்பியூட்டர்தானே, விழுங்கிப்போட்டுது.

அப்பிடிப் பாக்காதேங்கோ. கண்ணை மூடச் சொன்னனான் எல்லே. ஓ... நீங்கள் கொம்பியூட்டர் படிக்கிற ஆள். உங்களுக்குப் போய்ச் சொல்லுறன் பாருங்கோ.

சரி. கண்ணை மூடுங்கோ. நல்லா இறுக்கி மூடுங்கோ, சொல்லுறன். இந்த ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலை எல்லாருக்கும் தெரியும், புஸ்பராணி ஒரு கடை மிச்சம் விடாமல் சொல்லிப்போட்டா. நீங்கள் புது ஆள் எண்டதாலைதான் பழியைக் கொம்பியூட்டரிலை போட்டுப் பாத்தன். கொம்பியூட்டர் ஒரு பிழையும் செய்யேல்லை தங்கச்சி. நான்தான்.

ஞாயித்துக்கிழமை பின்னேரம். இவர் வேலையை மாத்திக்கொண்டு வீட்டிலை நிக்கிறார். நான் கேசரி கிண்டி வைச்சிட்டன். சாமி படத்துக்கு முன்னாலை விளக்குக் கொளுத்தி, அதுக்கு முன்னாலை லப்ரொப்பை வைச்சு, பிள்ளைக்குத் திருநீறு பூசி இருத்தியாச்சு. புஸ்பராணி போனிலை, வீடியோவிலை பாத்துக்கொண்டிருக்கிறா, பாக்கட்டும் எண்டு நான்தான் எடுத்தன். சாம்பவி விரலைக் கொண்டுபோய் பட்டனிலை வைச்சாள். கண் முட்டத் தண்ணி. என்னைப் பாத்து, 'சரி அம்மா, உங்களுக்காக' எண்டாள். தமிழிலை சொன்னாள் தங்கச்சி! எல்லாத்துக்கும் பிரெஞ்சிலை மறுமொழி சொல்லுற பிள்ளை, வடிவா, தமிழிலை. அதை நான் கவனிச்சிருக்கவேணும். நான் கவனிச்சது மணிக்கூட்டை.

நாலே முக்கால்! ஞாயிறு நாலரையிலை இருந்து ஆறு மட்டும் என்ன? இராகுகாலம்! டொக்டராகப் போற பிள்ளை இராகுகாலத்திலையோ தொடங்கிறது? நாளைக்கு ஊசி போட்டால் ஆள் செத்துப்போம்! 'எடடி கையை!' எண்டு கத்திப்போட்டு, பாஞ்சு அவளின்ரை கையைப் பிடிச்சு இழுத்தன். லப்ரொப் ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம். புஸ்பராணி போனுக்குள்ளை இருந்து 'என்னடி, என்னடி' எண்டுறா.

சரி, ஆறு மணிக்குப் பிறகு அமத்தியிருக்கலாம்தானே எண்டு கேப்பியள். இவரும் அதைத்தான் கேட்டார். நான் கோயில் கலண்டரை எடுத்துப் பாத்தால், நவமி! நவமியிலை ஆராவது படிப்புத் தொடங்குவினமோ? அடுத்த நாள் திங்கள், ஏழரையிலை இருந்து ஒன்பது மட்டும் திரும்பவும் இராகு. அப்ப ஒன்பது பத்துக்கு நல்ல நேரம் எண்டு நான் முடிவெடுத்தன். 'அம்மா, இண்டையோடை தவணை முடியுது' எண்டாள் பிள்ளை. ஒருக்காச் சொன்னாள், ரெண்டுதரம் சொன்னாள். நான் என்ன சொன்னன் தெரியுமோ? 'எனக்குக் காட் தர எட்டு மாசம் எடுத்த நாடு, என்ரை பிள்ளைக்கு ஒரு காலமை பொறுக்காதோ?' எண்டன்.

பொறுக்கேல்லை.

திங்கள் ஒன்பது பத்துக்குத் திரும்ப விளக்குக் கொளுத்தி, புதுசாத் திருநீறு பூசித் திறந்தால், சிவப்பிலை ஒரு வரி. 'இந்த இடத்தை நீங்கள் கைவிட்டிட்டியள்' எண்டு. தெரியாமல் செய்த பிழைக்கு ஆள் பொறுப்போ? என்ரை வாயாலையே சொன்ன மறுமொழி எனக்கு முன்னாலை வந்து நிக்குது! பதினேழு மாக்ஸ் வாங்கின மறுமொழி!

ஆடாதேங்கோ எண்டால் நீங்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறியள். புருவத்தின்ரை வால் போகப் போகுது. பொறுங்கோ, நானும் ஒருக்காச் சிரிச்சிட்டு வாறன்.

அப்பா... வயிறு நோகுது.

கேளுங்கோ, அதுக்குப் பிறகு நடந்ததுதான் விசயம். பிள்ளை லப்ரொப்பை மூடினாள். அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினாள். எனக்குக் காலும் ஓடேல்லை கையும் ஓடேல்லை, அழுது முடியட்டும் எண்டு வெளியிலை நிண்டன். சத்தமில்லை. மெல்லத் திறந்து பாத்தால், நித்திரை! வாயைப் பிளந்துகொண்டு, குழந்தைப்பிள்ளை மாதிரி நித்திரை. பின்னேரம் மூண்டு மணிக்கு எழும்பி வந்து, பிரிட்ஜைத் திறந்து, அந்த ஞாயித்துக்கிழமைக் கேசரியைக் குளிரோடையே ரெண்டு கோப்பை சாப்பிட்டாள். ரெண்டு கோப்பை! ரெண்டு மாசமா ஒரு பிடி சோத்துக்கு நான் பின்னாலை திரிஞ்சனான். சாப்பிட்டுக்கொண்டு போனிலை எதையோ பாத்துச் சிரிச்சாள். அந்தச் சிரிப்பை நான் கண்டு எத்தினை வருசம் தங்கச்சி. நான் குசினிக்குள்ளை நிண்டு வெங்காயம் உரிச்சன், தேவையில்லாத வெங்காயம்.

புதன்கிழமை வரிசை இறங்கி வந்து, பிலோசோபி கிடைச்சிட்டுது. எனக்கெண்டால், அமத்திப்போட்டுத்தான் வந்து சொல்லுவாள் எண்டு நினைச்சன். அமத்தேல்லை. வந்து எனக்கு முன்னாலை இருந்து சொல்லுறாள், 'அண்டைக்கு என்ரை கையைப் பிடிச்சது நீங்கள் அம்மா. இண்டைக்கு நீங்கள் விட்டால்தான் அமத்துவன்' எண்டு. இண்டைக்கு வெள்ளி, இண்டையோடை தவணை முடியுது. புஸ்பராணி என்ன சொல்லுறா எண்டால், வேண்டாம் எண்டு சொல்லட்டுமாம், ஒரு வருசம் பிள்ளை வீட்டிலை இருக்கட்டுமாம், அடுத்த வருசம் திரும்ப டொக்டருக்குப் போடலாமாம், யூலியன் பாடம் சொல்லிக்குடுப்பானாம். ரெண்டு நாளா ஒரு நாளைக்கு மூண்டுதரம் எடுக்கிறா. நானும் 'யோசிச்சுச் சொல்லுறன் மச்சாள்' எண்டு சொல்லிச் சொல்லி வைக்கிறன். பிலோசோபி படிச்சால் என்ன வேலை எண்டு கேக்கிறா. எனக்குத் தெரியாது! உண்ணாணை எனக்குத் தெரியாது! ரீச்சராகலாம் எண்டுறாள் சாம்பவி. 'ஆகாட்டில்?' எண்டன். 'ஆகாட்டில் உங்கடை கடையிலை நூல் போடுறன், கதைச்சுக் கதைச்சு' எண்டுறாள். நக்கல்!

அந்தப் படிப்புக்கு ஏன் வாறாய் எண்டு ஒரு கடிதம் எழுதிக் குடுக்கவேணுமாம். அந்தப் புதன்கிழமைதான் எனக்கு அதை வாசிச்சுக் காட்டினாள், ஒவ்வொரு வரியாத் தமிழாக்கி. என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமோ? 'என்ரை அம்மாவின்ரை கடையிலை ஆக்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் உண்மை சொல்லுவினம். அம்மா ஒருத்தரையும் ஒரு மறுமொழியோடை விடமாட்டா, ஏன் எண்டு கேப்பா, திரும்பவும் ஏன் எண்டு கேப்பா. நான் அந்தக் கடை ஸ்ரூலிலை இருந்துதான் பிலோசோபி தொடங்கினனான்.' பாருங்கோவன் அநியாயத்தை! பழி முழுக்க என்ரை தலையிலை! டொக்டருக்குப் படி, டொக்டருக்குப் படி எண்டு நாலு வருசம் வாயாலை சொன்னனான், பிள்ளை அதைக் கேக்கேல்லை, மற்ற எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அந்தக் கடிதத்தைப் போனிலை படம் எடுத்து வைச்சிருக்கிறன். ஆருக்கும் காட்டேல்லை. உங்களுக்குக் காட்டுவன், கண் திறந்த பிறகு.

இந்தாங்கோ, ஒரு புருவம் முடிஞ்சிது. கண்ணாடியைப் பாருங்கோ. எப்பிடி? சொல்லாதேங்கோ, எனக்குத் தெரியும். எழும்பாதேங்கோ! மற்றது கிடக்கு! ஒரு புருவத்தோடை படம் எடுத்தால் உங்களுக்குக் காட் தருவினமோ?

மணி பத்து முப்பத்திநாலு. ஐயோ, தொடங்கீட்டுது. வெள்ளி பத்தரையிலை இருந்து பன்னண்டு... ஒண்டுமில்லை, நான் எனக்குச் சொன்னனான்.

போன் அடிக்குது. புஸ்பராணியாத்தான் இருக்கும், விடுங்கோ அடிக்கட்டும்... இல்லை. சாம்பவி. பொறுங்கோ தங்கச்சி, ஒரு நிமிசம்.

ஓமடி. கடையிலைதான். ஆள் இருக்கு... இல்லை, பரவாயில்லை, சொல்லு. சாப்பிட்டியோ? பசி போச்சுதோ? ஆ, அப்பிடிச் சொல்லு... என்ன? திறந்து வைச்சிருக்கிறியோ? அப்பாவும் பக்கத்திலையோ?

தெரியும். தெரியுமடி, எனக்கு மணி பாக்கத் தெரியாதோ? வெள்ளி இராகுகாலம். உனக்கு எப்ப தொடக்கம் இராகுகாலம் தெரியும்? கலண்டரைப் பாத்தியோ? எனக்காகவோ பாத்தனீ?

...பன்னண்டுக்குப் பிறகு எடுக்கிறன் எண்டுறியோ. நான் கவலைப்படக் கூடாதெண்டோ.

வேண்டாம். இல்லை பிள்ளை, வேண்டாம். கேள். பன்னண்டு மட்டும் பொறுத்தால் எனக்குப் பயம் வந்திடும். உன்ரை மாமி எடுப்பா, நான் திரும்ப யோசிப்பன், எனக்கு என்னைத் தெரியும். இப்ப ஏனோ பயமில்லை. இந்த இந்தியாத் தங்கச்சி ஒரு புருவத்தோடை இருந்து என்னைப் பாக்கிறா, எனக்குச் சிரிப்பு வருது, பயமில்லை. எடி சாம்பு, நான் ஒண்டு கேக்கிறன், நாலு வருசம் பிந்திப்போச்சு, இருந்தாலும் கேக்கிறன். உனக்கு என்ன படிக்க விருப்பம்?

...ம்ம்.

...ஓம். தமிழிலை சொன்னதாலை கேக்குது.

அப்ப விரலை வை. வைச்சிட்டியோ? அண்டைக்கு நான் தெரியாமல் செய்தனான். இண்டைக்குத் தெரிஞ்சு சொல்லுறன். அமத்து. இராகுகாலம்தான். பரவாயில்லை, அமத்தடி பிள்ளை!

...என்ன எழுதியிருக்கு? வாசி. திரும்ப வாசி... அப்பா அழுறாரோ? அவரை ரீவியைப் போடச் சொல்லு. சரி, வை. வந்து கதைக்கிறன். வையடி.

...

தங்கச்சி. அமத்திப்போட்டாள்.

நீங்கள் ஏன் அழுறியள்? புருவம் எடுக்காத கண்ணாலையும் தண்ணி வருது. அழாதேங்கோ, படத்துக்கு முகம் வீங்கிப்போம். இருங்கோ, மற்றப் பக்கத்தை முடிப்பம். ஒரு கையாலை மேலை இழுங்கோ, மற்றக் கையாலை கீழை... ஆ. இந்த நூல் கழுத்திலை நிக்குதில்லை. கழுத்து ஆடுது, நூலும் சேந்து ஆடுது. இப்பிடி எடுத்தால் உங்களுக்குப் புருவம் படிக்கட்டு மாதிரி வரும்.

இண்டைக்கு ஒருநாளைக்கு நான் பல்லிலை கடிக்கிறன். கண்ணை மூடுங்கோ.